பெலால் புயலும் ரோஸ் ஹில்லில் ஒரு வீடும்: நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி 15, திங்கட்கிழமை. தைப்பொங்கல். மொரிஷியஸில் பொங்கலுக்கு அரசு விடுமுறை கிடையாது, தைப்பூசக் காவடிக்குத்தான் உண்டு. அதனால் விடியற்காலையில் பால் பொங்கவிட்டுச் சாமி கும்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவதுதான் இங்கே நம் வீடுகளில் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினார்கள். பகலில் பெலால் புயலோடு வந்த மழை தலைநகர் போர்ட் லூயிஸின் தெருக்களில் ஆறாக ஓடியது. கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்ததை உலகம் முழுவதும் வீடியோவில் பார்த்தார்கள். தீவில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அன்று இரவு நாடு முழுவதும் யாரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்ததா என்ற கேள்வி எழுந்து, வானிலைத் துறையின் தலைவர் பதவி விலகினார்.

அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றி. ரோஸ் ஹில்லில் இருக்கிறார்கள், கோவில் பழக்கம், நான் அடிக்கடி போய்வரும் வீடு. பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதலாம் என்று சொன்னார்கள். பாட்டிக்கு அப்போது வயது 79, சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். மகனுக்குப் போர்ட் லூயிஸில் அலுவலக வேலை. மருமகளுக்கு எபேனில். பிள்ளைகள் இரண்டு பேர், 15 வயதுப் பெண், 9 வயதுப் பையன்.

இந்த வீட்டை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், புயலுக்குத் தயாராவது என்று நாம் எதையெல்லாம் சொல்கிறோமோ அதையெல்லாம் இவர்கள் செய்திருந்தார்கள். மெழுகுவர்த்தி, தண்ணீர், ஷட்டர், டின் உணவு, எல்லாம் இருந்தது. யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள், எப்போது கிளம்புவார்கள், கிளம்ப முடியாவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அன்றைக்கு அவர்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்திலிருந்து வந்தது. நம் வீடுகளில் பாதிக்கு மேல் இன்றும் இதே நிலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாட்டிக்குத் தெரிந்த புயல்

கரோல் புயல் வந்தபோது பாட்டிக்கு 15 வயது. 1960 ஜனவரியில் அலிக்ஸ் வந்து அடித்துவிட்டுப் போனது, அந்தக் காயம் ஆறுவதற்குள் பிப்ரவரி கடைசியில் கரோல். மணிக்கு 256 கிலோமீட்டர் வரை காற்று வீச்சு பதிவானது. மரமும் தகரமும் ஓலையுமாக இருந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் போய்விட்டன. அதற்கப்புறம்தான் இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது, அரசாங்கமே குடியிருப்புகளைக் கட்டிக்கொடுத்தது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் வந்தபோது வீச்சு 280 கிலோமீட்டரைத் தொட்டது. அதற்குள் நிறைய வீடுகள் சிமெண்டு வீடுகளாக மாறியிருந்தன.

பாட்டி கரோலைப் பற்றிப் பேசினால் காற்றின் சத்தத்தைவிட அது நின்ற நேரத்தைத்தான் அதிகம் சொல்வார். புயலின் கண் தலைக்கு மேல் வந்ததும் எல்லாம் அடங்கிப்போய், வானம் வெளுத்து, சனம் வெளியே வந்து பறந்துபோன தகரத்தைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வந்தது. ஒரு பக்கம் சாய்ந்து நின்ற சுவர்களெல்லாம் மறுபக்கம் விழுந்தன. "காத்து நின்னா நம்பாதே, ரேடியோ சொல்லட்டும்" என்பது அந்த வீட்டில் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ரொம்பச் சரியான பாடம். ஆனால் அது காற்றைப் பற்றிய பாடம். மூன்று தலைமுறையாக இந்தத் தீவில் புயல் என்றால் காற்று என்றே பழகிவிட்டோம். அந்தக் காற்றுக்குக் கான்கிரீட் பெரும்பாலும் பதில் சொல்லிவிட்டது. தண்ணீருக்கு அப்படி ஒரு பதில் இன்னும் இல்லை.

எச்சரிக்கை எண் எதைச் சொல்கிறது

வெளியூர் வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், உள்ளூர்க்காரர்களும் ஒரு தடவை படித்துவிடுங்கள். புயல் எச்சரிக்கையை இங்கே கிளாஸ் 1 முதல் 4 வரை எண் வைத்துச் சொல்வார்கள், பெலால் வந்தபோது இருந்த முறை இது. மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சு வருவதற்கு 36 முதல் 48 மணி நேரம் இருக்கும்போது கிளாஸ் 1. அந்த வீச்சுக்கு முன்னால், முடிந்தவரை, 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கிற மாதிரி கிளாஸ் 2. 6 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கிற மாதிரி கிளாஸ் 3. 120 கிலோமீட்டர் வீச்சு பதிவாகி, மேலும் தொடரும் என்றால் கிளாஸ் 4. எல்லாமே 120 கிலோமீட்டர் காற்றை வைத்துப் போட்ட கணக்கு. மழை இதில் எங்குமே இல்லை. மழைக்குத் தனி எச்சரிக்கை இருக்கிறது, 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டர் பெய்து இன்னும் பெய்யும் என்றால் அடைமழை என்று அறிவிப்பார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் எல்லோரும் கேட்பது "கிளாஸ் எத்தனை?" என்ற ஒரே கேள்விதான்.

போர்ட் லூயிஸ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பின்னால் லெ பூஸ், சிக்னல் மலை என்று மலைகள் வளைத்து நிற்கின்றன, முன்னால் கடல், நடுவே கொஞ்சம் தாழ்ந்த நிலத்தில் நகரம். மலையில் விழுந்த மழை நகருக்குள் இறங்க அதிக நேரம் எடுக்காது. இறங்கும் வழியெல்லாம் கட்டடம், ரோடு, வாகன நிறுத்தம். 2013 மார்ச் 30ஆம் தேதி புயல் எதுவும் இல்லை, கிளாஸ் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக 152 மில்லிமீட்டர் பெய்தது, 11 பேர் இறந்துபோனார்கள், துறைமுக ஓரத்தில் கோடன் பக்கம் இருக்கும் நடைபாதைச் சுரங்கத்திலும் நிலத்தடி வாகன நிறுத்தத்திலும் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகுதான் பேரிடருக்கென்று தேசிய மையம் அமைத்தார்கள், 2016-ல் தனிச் சட்டமும் வந்தது. 2024-ல் மறுபடியும் அதே இடத்தில் கார்கள் மிதந்தன.

இன்னொரு விஷயம், இதுதான் குடும்பங்களை நேரடியாகத் தொடுவது. கிளாஸ் 2 வந்தால் பள்ளிக்கூடம் மூடும். வேலைக்குப் போகிறவர்களை வீட்டுக்கு விடக் கிளாஸ் 3 வரவேண்டும். அதாவது பிள்ளைகள் வீட்டில், பெற்றோர் வேலையில் என்று ஒரு இடைவெளி ஒவ்வொரு புயலிலும் வந்தே தீரும். கிளாஸ் 3 என்று சொன்னவுடன் தீவில் உள்ள எல்லா அலுவலகமும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வரும். மழை அதற்குள் ஆரம்பித்திருந்தால், எந்த நேரத்தில் ரோட்டில் இருக்கவே கூடாதோ அந்த நேரத்தில் எல்லோரும் ரோட்டில் இருப்பார்கள். பெலால் அன்று நடந்தது இதேதான்.

பக்கத்துத் தீவான ரெயூனியனில் அதே புயலுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே ஞாயிறு இரவே சிவப்பு எச்சரிக்கை போட்டு எல்லோரையும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள், திங்கள் காலையில் ஊதா நிற எச்சரிக்கைக்கு ஏற்றினார்கள். ஊதா என்றால் மீட்புப் படையினர்கூட வெளியே வரமாட்டார்கள். புயல் அந்தத் தீவை நேரடியாகத் தாக்கியது, சேதமும் சாவும் அங்கேயும் உண்டு. ஆனால் வேலைக்குப் போனவர்கள் ரோட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்ற கதை அங்கே இல்லை, ஏனென்றால் அன்று யாரும் வேலைக்கே போகவில்லை. இங்கே அந்த முடிவை ஒவ்வொரு வீடும் தானே எடுக்கவேண்டியிருந்தது. எடுக்க வேண்டும் என்பதே பல வீடுகளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செய்தது

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதெல்லாம் நன்றாகவே நடந்தது. ஷட்டர் எல்லாவற்றையும் இறக்கிப் பூட்டினார்கள். மொட்டைமாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பினார்கள். நிறைந்த தொட்டி காற்றில் நகராது, காலித் தொட்டி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைக்கும். மின்சாரம் போனால் குழாய்த் தண்ணீரும் நின்றுவிடும் என்பதால் குளியலறையில் இரண்டு பெரிய டிரம். முற்றத்தில் இருந்த பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, துணி காயப்போடும் கம்பி எல்லாம் உள்ளே. பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், அடையாள அட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில். வங்கி இயந்திரம் வேலை செய்யாது என்று கையில் கொஞ்சம் ரூபாய். டார்ச், பேட்டரி ரேடியோ, உபரி பேட்டரி.

மொட்டைமாடி வடிகுழாயைத்தான் யாரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாமரத்தின் இலை அங்கேதான் வந்து சேரும்.

திங்கட்கிழமை

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் சமையலறையில் பால் பொங்கியாகிவிட்டது. வழக்கமாக முற்றத்தில் வைப்பார்கள், காற்று இருந்ததால் உள்ளேயே கேஸ் அடுப்பில். மகனுக்குப் போகலாமா வேண்டாமா என்று சந்தேகம். கிளாஸ் 3 சொல்லவில்லையே, போகாவிட்டால் ஒரு நாள் விடுப்பு போகுமே என்ற கணக்கு. மருமகளுக்கும் அதே கணக்கு. "போயிட்டு சீக்கிரம் வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு மகன் காரில் கிளம்பினார். சீக்கிரம் என்றால் எத்தனை மணி என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எச்சரிக்கை ஏறி அலுவலகத்தை மூடியபோது மழை ஏற்கனவே ஊற்றிக்கொண்டிருந்தது. காரை எடுத்துக்கொண்டு மோட்டார்வே பக்கம் திரும்பினார், முன்னால் வண்டிகள் நகரவே இல்லை. தண்ணீர் முதலில் டயர் அளவு, பிறகு கதவின் அடிவரை. கார் பின்பக்கம் லேசாக நகர்வதை உணர்ந்ததும் இறங்கிவிட்டார். இந்த ஒரு முடிவு அவரைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் கார் மிதக்க ஆரம்பிக்கும், இரண்டு அடி இருந்தால் பெரிய வண்டியையும் இழுத்துப் போகும். கதவின்மேல் தண்ணீர் அழுத்தினால் உள்ளிருந்து திறக்கவும் முடியாது. புதுக் கார், கடன் இன்னும் முடியவில்லை. இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். பக்கத்துக் கட்டடத்தின் காவலாளி கதவைத் திறந்து, தெருவில் நின்றவர்கள் எல்லோரையும் மாடிக்கு ஏறச் சொன்னார். யாரோ ஒருவர் தன் வண்டியை எடுக்கக் கீழ்த்தள வாகன நிறுத்தத்துக்குப் போகப் பார்த்திருக்கிறார். காவலாளி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, 2013-ஐ நினைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

போனில் அவருக்கு மிச்சம் இருந்தது கொஞ்சம் சார்ஜ். அதை வைத்து மனைவிக்கு அடித்தார், லைன் போகவில்லை. அம்மாவுக்கு அடித்தார், போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்ததில் போன் அணைந்துபோனது. பவர் பேங்க் இருந்தது, வீட்டு மேசையில்.

மருமகள் கதை வேறு மாதிரி. எபேனிலிருந்து ரோஸ் ஹில் பக்கம்தான், நிலமும் போர்ட் லூயிஸ் மாதிரிப் பள்ளம் இல்லை. கூட வேலை பார்க்கும் இரண்டு பேரோடு நடந்தே வந்து சேர்ந்துவிட்டார். வழியில் ஒரு மரக்கிளை, அறுந்து தொங்கிய ஒரு கம்பி. எந்தக் கம்பியாக இருந்தாலும் மின்கம்பி என்றே நினைக்க வேண்டும் என்று சொல்லி ரோட்டின் மறுபக்கமாகச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

அவர் வரும்வரை வீட்டில் பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். கரண்ட் போய்விட்டது. மொட்டைமாடியில் இலை அடைத்துத் தண்ணீர் குளமாக நின்று, மாடிப்படி ஓரத்துச் சுவர் வழியாக உள்ளே இறங்க ஆரம்பித்தது. பேத்தி மேலே போய் ஓட்டையைக் குத்திவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பாட்டி சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து படிக்கட்டுக் கதவுக்கு முன்னால் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டார். கையில் ரேடியோ. "மெத்தை நனைஞ்சா வெயில்ல காயும். நீ மேல போகக் கூடாது." அம்மா வரும்வரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லையாம். பிள்ளைகள் மெத்தையை முன்னறைக்கு இழுத்து, ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்தார்கள். பொங்கல் பானையும் அதில் ஒன்று.

மகன் வீடு வந்து சேர்ந்தது மறுநாள். அதுவரை அவர் இருக்கிறாரா இல்லையா என்பது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது, ஒரு சின்ன விஷயம் நடந்திருக்காவிட்டால். மாடியில் கூட இருந்தவரிடம் போன் வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே வெளிநாட்டு எண்ணுக்கு, பிரான்சில் இருக்கும் அக்காவுக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருக்கிறார். ராத்திரி மருமகள் போனில் கொஞ்ச நேரம் இணையம் வந்தபோது அந்த அக்காவிடமிருந்து செய்தி காத்திருந்தது: தம்பி பத்திரம், மாடியில் இருக்கிறான், காலையில் வருவான்.

எங்கே விட்டுப்போனது

முதலில் இன்சுலின், ஏனென்றால் இந்தத் தீவில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் அபூர்வம். கரண்ட் போனதும் பேத்திக்கு வந்த பயம் ஃப்ரிட்ஜில் இருக்கும் மருந்து கெட்டுவிடுமே என்பது. ஐஸ் பெட்டிக்குள் போடலாமா என்று யோசித்திருக்கிறாள். போடவே கூடாது, உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது. திறந்து உபயோகத்தில் இருக்கும் பேனாவுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை, பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் போலத் தாங்கும், உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். திறக்காதவற்றை ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்காமல் அப்படியே விட்டுவைப்பதே நல்லது. ஈரத்துணி சுற்றிய மண்பானை வெயில் நாளில் உதவும், புயல் நாளில் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது பெரிதாகக் குளிராது. மருந்தைவிட எனக்குக் கவலை தந்தது சாப்பாடு. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும், அது உடனடி ஆபத்து.

சாப்பாட்டில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, எந்த அரசுக் கையேடும் இதைச் சொல்லாது. இவர்கள் வைத்திருந்த புயல் பெட்டியில் டின் மீனும் டின் ஆட்டிறைச்சியும்தான் அதிகம், கடையில் புயல் சாமான் என்றால் அதுதான் கைக்கு வரும். ஆனால் அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25. பத்து நாள் காவடி விரதம் ஆரம்பிக்கும் வேளை. பாட்டி பொங்கலன்றே மீனைத் தொடமாட்டார், மறுநாளிலிருந்து வீடே தொடாது. ஆக, பெட்டி நிறையச் சாப்பாடு இருந்தும் பாட்டி அன்று மதியம் சாப்பிட்டது ஆறிப்போன சர்க்கரைப் பொங்கல், அதுவும் சர்க்கரை நோயாளி. இங்கே புயல் காலம் நவம்பர் 1 முதல் மே 15 வரை. அதன் உச்சம் ஜனவரி, பிப்ரவரி. நம் விரதமும் அதே மாதங்களில்தான். பெட்டியில் டின் பட்டாணி, டின் பருப்பு, அவல், வறுத்த கடலை, ரஸ்க், உப்பு பிஸ்கட் என்று சைவமாகவே நிரப்பிவிட்டால் எல்லோரும் சாப்பிடலாம். விரதம் இல்லாத காலத்தில் மீன் டின்னை அதன்மேல் அடுக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் போன். புயல் நேரத்தில் ஒரே தீவுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் அடிக்கிறார்கள், கோபுரத்துக்குக் கரண்டும் இல்லை. அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போய்விடும், அதற்குக் கொஞ்ச நேரம் சிக்னல் வந்தால் போதும். தீவுக்கு வெளியே ஒருவர், எல்லோரும் அவருக்கே செய்தி அனுப்புவது, அவர் எல்லோருக்கும் சொல்வது. இவர்களுக்கு இது தற்செயலாக அமைந்தது. ரெயூனியனில் இருக்கும் சொந்தக்காரரை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள், நம்மைத் தாக்கும் புயல் பல சமயம் அவர்களையும் தாக்கும். அந்த எண்ணை ஒன்பது வயதுப் பையனும் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக நான் நினைப்பது காலை ஆறரை மணிக்கு வீட்டு வாசலில் எடுத்த முடிவைப் பற்றி. ஒரு நாள் விடுப்பு போகும் என்ற தயக்கம் நிஜமானது, அதை யாரும் குறைவாக எண்ணக் கூடாது. சம்பளத்தில் கைவைக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவை அன்று காலையில், மழைச் சத்தத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே எடுத்தால் எப்போதும் "போய்விட்டு வந்துவிடலாம்" என்றுதான் வரும். அதை நவம்பரிலேயே பேசியிருக்க வேண்டும். கிளாஸ் 2 இருக்கும்போது யார் வீட்டில் இருப்பது, வருடத்தில் எத்தனை விடுப்பை இதற்கென்று ஒதுக்குவது, அலுவலகத்தில் யாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது. அதைவிடக் கடினமான பாதி: போய்விட்டால், மழை பிடித்துக்கொண்டால், திரும்ப முயற்சி செய்வதில்லை என்ற ஒப்பந்தம். வீட்டில் இருப்பவர்கள் "எங்கே இருக்கீங்க, வந்துட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் ரோட்டில் இறங்கத்தான் செய்வார். மாடியிலேயே இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல வீட்டில் இருப்பவர்களுக்கும் தைரியம் வேண்டும்.

அடுத்த பருவம்

அந்த வீட்டில் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, பேத்தி தமிழிலும் கிரியோலிலும் எழுதியது. கிளாஸ் 2 என்றால் அப்பா போர்ட் லூயிஸ் போவதில்லை. மழை எச்சரிக்கை இருந்தால் கிளாஸ் எதுவாக இருந்தாலும் போவதில்லை. ஏதாவது ஒரு காரணத்தால் போய்விட்டால், அலுவலகத்தில் ஒரு ராத்திரி தங்குவதற்குப் பை ஒன்று அவர் மேசைக்குக் கீழே நிரந்தரமாக இருக்கிறது: பவர் பேங்க், மாற்றுத் துணி, பிஸ்கட், ரத்த அழுத்த மாத்திரை. பிரான்ஸ் அத்தையின் எண் தாளின் உச்சியில். பாட்டியின் மருந்தும் அளவும் அதற்குக் கீழே, பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி. நவம்பர் முதல் வாரத்தில் மொட்டைமாடி வடிகுழாயைச் சுத்தம் செய்து, இலை போகாமல் கம்பி வலை வைத்தார்கள், மாமரத்துக்காரரிடம் பேசி இரண்டு கிளையையும் வெட்டினார்கள். வெள்ளத்துக்குப் பிறகு வாளி, டயர், தொட்டித் தட்டு என்று தேங்கிய தண்ணீரை உடனே கொட்டுவதும் தாளில் இருக்கிறது. 2024-ல் தீவில் டெங்குவும் பரவியது நினைவிருக்கும்.

2025 பிப்ரவரி கடைசியில் காரான்ஸ் புயல் வந்தது. மொரிஷியஸை ஒட்டிக் கடந்து, 28ஆம் தேதி ரெயூனியனின் வடக்கில் கரையேறி அங்கே பெரிய நாசம் செய்தது. இந்தத் தடவை இவர்கள் வீட்டில் எச்சரிக்கை ஏறுவதற்கு முன்பே எல்லோரும் வீட்டுக்குள். மகன் முதலாளியிடம் இரண்டு வாரம் முன்னாலேயே பேசி, அப்படி ஒரு நாள் வந்தால் வீட்டிலிருந்து வேலை செய்வதாகச் சம்மதம் வாங்கியிருந்தார். மாடி ஒழுகவில்லை. பாட்டி அவலில் தேங்காய் போட்டுச் சாப்பிட்டார். கேஸ் சிலிண்டர் மட்டும் அன்று மாலையே தீர்ந்துவிட்டது, பாதி இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். 12 கிலோ சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பது தூக்கிப் பார்த்தால் சரியாகத் தெரியாது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை மேலிருந்து ஊற்றித் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும் இடம்வரை கேஸ் இருக்கிறது. இப்போது பருவம் முழுக்க நிறைந்த சிலிண்டர் ஒன்று தனியாக வைத்திருக்கிறார்கள்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. அதே சந்தில், நாலு வீடு தள்ளி, தனியாக ஒரு அம்மா இருக்கிறார். முன்னறை கான்கிரீட், பின்னால் சமையலறையும் படுக்கையும் தகரக் கூரை. புகலிட மையத்துக்குப் போகமாட்டார், அங்கே எல்லோரோடும் படுக்கக் கூச்சம், வீட்டில் பூனை வேறு. காரான்ஸ் சமயத்தில் பாட்டியே போய்க் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் பேரன் பூனையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும் பின்னாலேயே வந்தார். அடுத்த புயலுக்கு அப்படி நடக்கும் என்று எண்ணி இருக்க முடியாது. அதனால் இந்த நவம்பரில் அவர் துணிமணியும் மாத்திரையும் அடங்கிய ஒரு பையை இப்போதே இந்த வீட்டில் கொண்டுவந்து வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பை இன்னும் வரவில்லை, பூனைக்கான டின் உணவு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.